நிலத்தடி யுரேனியச் சுரங்கத்தில் ரேடான் கட்டுப்பாடு: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

யுரேனியப் பாறையிலிருந்து கசியும் கதிரியக்க வாயு ரேடான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுவாசித்தவருக்குத் தலைவலிகூட வராது. மீத்தேன் கருவியிலோ ஆக்சிஜன் கருவியிலோ அது தெரியாது. அதனால் வரும் நுரையீரல் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது அந்தத் தொழிலாளி ஓய்வுபெற்று ஊருக்குப் போயிருப்பார். இன்று கீழே இறங்கும் ஆளைக் காப்பாற்றும் வேலை இன்றைக்கே நடந்தாக வேண்டும்.

புதிதாகக் காற்றோட்டப் பொறுப்பு ஏற்பவர்களையும் சுரங்கவியல் டிப்ளமோ முடித்து வருபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஜார்க்கண்டின் சிங்பும் பகுதியில் உள்ள ஜாதுகுடா, நர்வாபஹார் போன்ற கடினப்பாறைச் சுரங்கங்களை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே தாதுவில் யுரேனியம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. வெட்டியெடுத்த இடத்தை மணலால் நிரப்பி, அதன் மேல் ஏறி நின்று அடுத்த அடுக்கை வெட்டும் முறை அது.

செய்ய வேண்டிய வரிசை: மூலம், காற்றுப்பாதை, வேலைமுனை, அளவீடு, கடைசியில் மாஸ்க். புதியவர்கள் பெரும்பாலும் மாஸ்க்கில் தொடங்கி, பெரிய ஃபேன் கேட்டு, மூலத்தைத் தேடாமலே நின்றுவிடுகிறார்கள்.

1. இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காற்றோட்ட வரைபடம். அதில் ஓடும் ஸ்டோப்கள் (தாது வெட்டியெடுக்கும் இடங்கள்) மட்டும் இருந்தால் போதாது. கைவிட்ட ஸ்டோப், பழைய ரெய்ஸ் (கீழிருந்து மேலே வெட்டிய செங்குத்துப் பாதை), தண்ணீர் கசியும் இடம், ஓர் பாஸ் (தாதுவைக் கீழே கொட்டும் பாதை), எல்லாக் கதவுகளும் தடுப்புகளும் குறித்திருக்க வேண்டும். ரேடான் பெரும்பாலும் ஆள் போகாத இடத்திலிருந்துதான் வருகிறது. வரைபடத்தில் அந்த இடம் இல்லையென்றால் நீங்கள் அங்கே தேடவே மாட்டீர்கள்.

கருவிகள்: அனிமோமீட்டர் (காற்றின் வேகம் அளப்பது), புகைக்குழாய் (புகை விட்டுக் காற்றின் திசை காட்டுவது), ஃபில்டர் தாள் பொருத்தும் காற்று பம்ப், ஆல்ஃபா கவுன்ட்டர், ரேடான் வாயுவை அளக்க லூக்காஸ் செல், உடனடி அளவு காட்டும் மீட்டர் ஒன்று, வளிமண்டல அழுத்தம் அளக்கும் ஒரு பாரமானி. பாரமானி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 4-ம் பகுதியில் காரணம் வரும்.

இன்னொன்று எழுத்து வடிவ அதிகாரம். அளவு மீறினால் ஆட்களை வெளியேற்ற யார் உத்தரவிடலாம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஷிஃப்ட் நடுவில், உற்பத்தி நெருக்கடியில் அந்த வாக்குவாதத்தைத் தொடங்கினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

2. எதைக் கட்டுப்படுத்துகிறோம் என்று தெளிவாகுங்கள்

ரேடான் வாயு நுரையீரலுக்குள் போய்ப் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். தீங்கு செய்வது அதன் சேய்த் தனிமங்கள். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். அது சிதைந்து வரும் பொலோனியம்-218-க்கு ஏறக்குறைய 3 நிமிடம், ஈயம்-214-க்கு 27 நிமிடம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிடம். பொலோனியம்-214 பிறந்த கணத்திலேயே சிதைந்துவிடும். இவை திடப்பொருள்கள். தூசியிலும் டீசல் புகையிலும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகளை உமிழும்.

இந்த நிமிடக் கணக்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து இப்போதுதான் வந்த ரேடானில் சேய்கள் குறைவு. அந்தக் காற்று சுரங்கத்துக்குள் தங்கத் தங்க அவை பெருகும். மூன்று, நான்கு மணி நேரத்தில் ரேடானோடு சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே எவ்வளவு காற்று என்பதோடு அந்தக் காற்றுக்கு எத்தனை நிமிட வயது என்பதும் முக்கியம். ஓரிடத்தில் காற்று இருமடங்கு நேரம் தங்கினால் சேய்களின் அளவு ஏறக்குறைய மூன்றரை மடங்காகும்: ரேடானும் கூடுகிறது, அது சேய்களாக மாறுவதற்கான அவகாசமும் கூடுகிறது.

அளவுகோல் ஒர்க்கிங் லெவல். ஒரு கன மீட்டரில் 3,700 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) ரேடான் தன் சேய்களோடு முழுச் சமநிலையில் இருந்தால் அது 1 ஒர்க்கிங் லெவல். அந்தக் காற்றில் 170 மணி நேரம் வேலை செய்தால் ஒரு ஒர்க்கிங் லெவல் மாதம். அமெரிக்கச் சுரங்க விதி ஆண்டுக்கு 4 ஒர்க்கிங் லெவல் மாதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு மொத்தக் கதிர்வீச்சு அளவில் வருகிறது: ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பாறையிலிருந்து வரும் காமா கதிரும் இதே கணக்கில்தான் சேரும். முழு 20-ஐயும் ரேடானுக்கு ஒதுக்கித் திட்டமிடாதீர்கள்.

ஒரு கணக்கு. சராசரி 0.1 ஒர்க்கிங் லெவலில் ஒருவர் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் வேலை செய்கிறார். 0.1 × 2,000 ÷ 170 = 1.18. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1993-ம் ஆண்டு மதிப்பின்படி (ஒரு ஒர்க்கிங் லெவல் மாதத்துக்கு 5 மில்லிசீவர்ட்) இது சுமார் 6 மில்லிசீவர்ட். அதே ஆணையத்தின் 2017 பரிந்துரைப்படி மாற்றுக் காரணி ஏறக்குறைய 10, எனவே இது 12 ஆகிவிடும். காற்று மாறவில்லை, கணக்கு மாறியது. பழைய காரணியை வைத்து வடிவமைத்த சுரங்கத்தில் கைவசம் இருந்த இடைவெளி பாதியாகிவிட்டது. என் கருத்தில், புதிதாகத் திட்டமிடுபவர் 10-ஐ வைத்தே திட்டமிட வேண்டும்.

3. மூலங்களைத் தேடுங்கள்

இன்டேக் (புதுக்காற்று உள்ளே வரும் பாதை) வாயிலில் தொடங்கி, காற்று போகும் திசையிலேயே நடந்து போங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு அளவு எடுங்கள்: காற்றின் ஓட்டம், அதிலுள்ள ரேடான். ஓட்டத்தை ரேடான் உயர்வால் பெருக்கினால் அந்த இடைப்பட்ட பகுதி நொடிக்கு எவ்வளவு ரேடானைக் கொட்டுகிறது என்று தெரியும். நொடிக்கு 10 கன மீட்டர் காற்று, ரேடான் கன மீட்டருக்கு 500 பெக்கரல் கூடியிருக்கிறது என்றால், வழியில் ஏதோ ஒன்று நொடிக்கு 5,000 பெக்கரல் விடுகிறது.

இதற்குச் சேய்களை அளக்காமல் ரேடானையே அளக்க வேண்டும். சேய்களின் அளவு காற்றின் வயதைப் பொறுத்து மாறும். மூலத்தின் பலத்தை அது காட்டாது. லூக்காஸ் செல்லில் காற்றைப் பிடித்து, மூன்று மணி நேரம் வைத்து, பிறகு எண்ணுங்கள். அவசரப்பட்டுக் கீழேயே எண்ணினால் எண் குறைவாக வரும்.

மூலங்கள் பெரும்பாலும் ஐந்து: வெட்டிய பாறை முகம், உடைத்துக் குவித்த தாது, கைவிட்ட ஸ்டோப், கசியும் தண்ணீர், நிரப்பிய மணல். கடைசி இரண்டிலும்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நிரப்பு மணல் ஆலைக் கழிவிலிருந்து வருவது. யுரேனியத்தை எடுத்துவிட்டார்களே, இனி அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆலை எடுப்பது யுரேனியத்தை மட்டும்தான். ரேடானை உருவாக்கும் ரேடியம் கிட்டத்தட்ட முழுவதும் கழிவிலேயே தங்கிவிடுகிறது, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஆட்கள் அந்த மணல் மேல் நின்றுதான் துளையிடுகிறார்கள். அதற்காக நிரப்பாமல் விடலாமா என்றால் கூடாது. திறந்து கிடக்கும் வெற்றிடத்தை விட நிரப்பிய இடம் மேல். நுண்சேறு நீக்கிய பரும மணலாக இருக்கிறதா, தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா என்பதைப் பாருங்கள்.

4. மூலத்தை அங்கேயே அடைத்துவிடுங்கள்

வேலை முடிந்த ஸ்டோப்பை மூடுவதுதான் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை. மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ பாறையில் நங்கூரமிட்டு, வலை அடித்து, ஷாட்க்ரீட் (பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்) பூசி பல்க்ஹெட் (அடைப்புச் சுவர்) எழுப்புவார்கள். நடுவில் அது கெட்டியாகத்தான் இருக்கும், கசிவது விளிம்பில். தளர்ந்த பாறையை விளிம்பு முழுக்கத் தட்டி எடுத்துவிட்டு, சுத்தமான பாறை மேல் பூச வேண்டும். முடிந்ததும் புகைக்குழாயை விளிம்பை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். மேல் மூலைகளில் நின்று பாருங்கள். புகை வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் அங்கே ஓட்டை. உள்ளே தண்ணீர் சேரும் இடமென்றால் அடியில் யு வளைவு போட்ட குழாய் வையுங்கள். தண்ணீர் போகும், காற்று போகாது.

சுவர் மட்டும் போதாது. மூடிய இடத்துக்குள் ரேடான் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே வளிமண்டல அழுத்தம் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியெல்லாம் வேலைப் பகுதிக்குள் வரும். பாரமானி வைத்திருக்கச் சொன்னது இதற்காக. மழைக்கு முன் அழுத்தம் சரியும் நாட்களில் எந்த வேலையும் மாறாமலே அளவு ஏறும். தீர்வு: மூடிய இடத்திலிருந்து சிறு குழாய் ஒன்றை நேராக ரிட்டர்ன் (பயன்பட்ட காற்று வெளியேறும்) காற்றுப்பாதைக்கு இழுத்து, உள்ளே அழுத்தம் வெளியை விடச் சற்றுக் குறைவாக இருக்கும்படி வையுங்கள். அப்போது கசிவு இருந்தாலும் காற்று வெளியிலிருந்து உள்ளே போகும். குழாயின் வாய் ரிட்டர்னில்தான் திறக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். இன்டேக்கில் திறந்துவைத்த குழாய்கள் உண்டு.

தண்ணீர்: பாறையிலிருந்து வரும் நீரில் ரேடான் கரைந்திருக்கும். சிதறும்போதும் கலங்கும்போதும் அது காற்றுக்கு வந்துவிடும். கசிவு தொடங்கும் இடத்திலேயே குழாயில் பிடித்து, மூடிய வடிகாலில் சம்ப்புக்கு (நீர் சேரும் குழி) கொண்டுபோங்கள். சம்ப் ரிட்டர்ன் பக்கம் இருக்கட்டும். துளையிடவும் தூசி அடக்கவும் சுரங்கக் கசிவுநீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். தூசி குறையும், ரேடான் துளையிடுபவர் முகத்துக்கு நேரே தெளிக்கப்படும்.

கனடாவின் மெக்ஆர்தர் ரிவர் சுரங்கத்தில் தாது மிக மிகச் செறிவானது. அங்கே தாதுவைச் சுற்றியுள்ள பாறையையே உறையவைத்துத் தண்ணீரைத் தடுத்து, ஆட்கள் தாதுவுக்குள் நுழையாமல் இயந்திரத்தால் எடுக்கிறார்கள். நம் தாதுவுக்கு அது தேவையில்லை. தண்ணீரை எவ்வளவு பெரிய மூலமாக அங்கே மதிக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

உடைத்த தாதுவை வேகமாக வெளியேற்றுங்கள். உடைந்ததும் பரப்பு பல மடங்காகிறது. ஒரு வாரத் தாதுவை ஸ்டோப்பிலேயே கிடத்தி வைக்கும் பழக்கம் ரேடானைச் சேமித்து வைக்கும் பழக்கம்.

5. காற்றுப்பாதையை அமையுங்கள்

இன்டேக் எப்போதும் தாது இல்லாத வெற்றுப்பாறையில் ஓட வேண்டும், ரிட்டர்ன் தாதுப் பக்கம் போகலாம். இதைச் சுரங்கம் திட்டமிடும்போதே முடிவு செய்யாவிட்டால் பிறகு எந்த ஃபேனும் காப்பாற்றாது. ஆட்களை அடையும் முன்பே காற்று கெட்டிருக்கும்.

ஒவ்வொரு ஸ்டோப்புக்கும் தனிப் பிரிவுக் காற்று கொடுங்கள். ஒரு ஸ்டோப்பில் பயன்பட்ட காற்றை அடுத்த ஸ்டோப்புக்கு அனுப்பும் தொடர் முறை நிலக்கரியிலோ தங்கத்திலோ வேலை செய்தவருக்கு இயல்பாகத் தோன்றும். இங்கே அது கூடாது. மூன்றாவது ஸ்டோப்பில் நிற்பவர் முதல் இரண்டின் ரேடானையும் முற்றிய வயதில் சுவாசிப்பார். ஒருமுறை பயன்பட்ட காற்று நேராக ரிட்டர்னுக்குப் போகட்டும்.

கதவுகளைக் கவனியுங்கள். இரண்டு கதவில் ஒன்றைக் கல் வைத்துத் திறந்துவிட்டால், மற்றதைத் திறக்கும்போதெல்லாம் குறுக்குவழியில் காற்று ஓடிவிடும். ஃபேன் மீட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும், கடைசி ஸ்டோப்பில் மட்டும் காற்று இருக்காது. தரைக்கு மேலேயும் ரிட்டர்ன் காற்று வெளியேறும் வாய் இன்டேக் வாயிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் திசை பார்த்து இருக்க வேண்டும்.

6. வேலைமுனைக்குக் காற்றைக் கொண்டுசெல்லுங்கள்

ஒரு பக்கம் மூடிய டிரைவில் (கிடைமட்டச் சுரங்கப்பாதை) காற்றை உள்ளே தள்ளும் டக்ட் (காற்றுக்குழாய்) முறையைத் தேர்ந்தெடுங்கள். உறிஞ்சும் முறையில் புதுக்காற்று டிரைவ் முழுக்கப் பாறையை உரசி, ரேடானைப் பொறுக்கிக்கொண்டுதான் ஆளிடம் வரும். தள்ளும் முறையில் டக்ட் வழியே சுத்தமாக வந்து ஆளிடம் முதலில் சேரும், திரும்பும் வழியில்தான் கெடும். ஆகவே திரும்பும் வழியில் யாரும் நிலையாக நிற்கும் வேலையை வைக்காதீர்கள். டீ குடிக்கும் இடமும் அங்கே வேண்டாம்.

வயதைக் கணக்கிடுங்கள். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 100 மீட்டர் நீளமுள்ள டிரைவின் கொள்ளளவு 900 கன மீட்டர். முனைக்கு நொடிக்கு 3 கன மீட்டர் வந்தால் காற்று மாற 5 நிமிடம். டக்ட் கிழிந்து பாதி கசிந்தால் 10 நிமிடம். திரும்பும் காற்றில் சேய்கள் மூன்றரை மடங்கு. இரண்டு கிழிசல், ஒரு தளர்ந்த இணைப்பு போதும் இதற்கு. ஃபேனை மாற்றக் கேட்பதற்கு முன் டக்ட்டின் இரு முனையிலும் ஓட்டத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் புதிய ஃபேன் தேவைப்படாது, தையல் ஊசியும் ஒட்டுத் துணியும்தான் தேவைப்படும்.

ஃபேன் நிற்கும் இடமும் முக்கியம். டிரைவின் வாயிலுக்குச் சில மீட்டர் முன்னால், புதுக்காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைக் கடந்துபோகும் காற்று ஃபேன் இழுப்பதை விட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவிலிருந்து வெளிவந்த காற்றையே மீண்டும் உள்ளே தள்ளும். புகையை டிரைவ் வாயிலில் விட்டு, அது ஃபேனை நோக்கிப் போகிறதா என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிங்கில் கிழியும் என்று டக்ட் நுனியைப் பின்னால் இழுத்து வைப்பார்கள். மீண்டும் முன்னால் கொண்டுபோக மறப்பார்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

7. அளவெடுங்கள்

அன்றாட வேலைக்கு, ஃபில்டரில் படிந்த சேய்களின் ஆல்ஃபாவை எண்ணும் குஸ்நெட்ஸ் முறை போதும். ஆள் மூச்சுவிடும் உயரத்தில், அவர் உண்மையில் நிற்கும் இடத்தில் ஃபில்டர் வழியே 5 நிமிடம் காற்றை இழுங்கள். டக்ட் வாயில் எடுத்த அளவு அழகாக இருக்கும், பயன்படாது. ரேடான் காற்றை விடக் கனமானது, தரையில் தேங்கும் என்று படித்துவிட்டுத் தரையில் அளப்பவர்களும் உண்டு. சுரங்கத்தில் ரேடானின் அளவு மிகச் சொற்பம். ஓடும் காற்றில் அது சீராகக் கலந்திருக்கும்.

மாதிரி எடுத்து முடித்ததிலிருந்து 40 முதல் 90 நிமிடத்துக்குள் ஆல்ஃபா எண்ண வேண்டும். முன்னதாக எண்ணினால் பொலோனியம்-218 சேர்ந்து கணக்கைக் கெடுக்கும், பின்னால் போனால் எண்ணுவதற்கு மிஞ்சாது. எண்ணிக்கையை ஒர்க்கிங் லெவலாக மாற்றும் காரணி நேரத்தோடு மாறும்: 40-வது நிமிடத்தில் 150, 60-ல் 110, 90-ல் 60. ஆகவே மாதிரி முடிந்த நேரத்தை அங்கேயே ஃபில்டர் உறையில் எழுதுங்கள். மேலே வந்து நினைவிலிருந்து எழுதும் நேரம் நம்பத்தக்கதல்ல.

உதாரணம்: நிமிடத்துக்கு 2 லிட்டர், 5 நிமிடம், மொத்தம் 10 லிட்டர். 60-வது நிமிடத்தில், பின்னணி கழித்த பிறகு நிமிடத்துக்கு 66 எண்ணிக்கை. கவுன்ட்டரின் திறன் 0.3. 66 ÷ (0.3 × 10 × 110) = 0.2 ஒர்க்கிங் லெவல்.

பம்பின் ஓட்டத்தைக் குறித்த கால இடைவெளியில் சரிபாருங்கள். தூசி அடைத்த ஃபில்டரில் ஓட்டம் குறைந்தால் கணக்கில் காற்று அதிகம், உண்மையில் குறைவு. விடை பொய்யாகக் குறைந்து தெரியும். ரேடான் அளவீட்டில் எண்ணைக் குறைத்துக் காட்டும் பிழைகள் ஆபத்தானவை. நல்ல செய்தியை யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை.

8. ஃபேன் நின்றால்

மின்சாரம் போனதும் ஆட்களை இன்டேக் பக்கம் வரச் சொல்லுங்கள். சில நிமிடம்தானே என்று உட்கார வைக்கக் கூடாது. ஓட்டம் நின்ற கணத்திலிருந்து காற்றுக்கு வயதாகத் தொடங்குகிறது.

திரும்பத் தொடங்கும் வரிசை: முதலில் பிரதான ஃபேன், பிறகு இன்டேக்குக்கு அருகிலுள்ள துணை ஃபேன், அதன்பின் தூரத்தில் உள்ளவை. துணை ஃபேனை முதலில் ஓட்டினால் தேங்கிய காற்றையே சுற்றிவிடும். தேங்கிய காற்று முழுவதும் ரிட்டர்ன் வழியேதான் வெளியேறும். பம்ப் பார்ப்பவர், சர்வே செய்பவர் என யாராவது அந்தப் பாதையில் இருக்கிறார்களா என்று உறுதி செய்யாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

டிரைவின் கொள்ளளவைப் போல் நான்கைந்து மடங்கு காற்று போன பிறகு, உடனடி மீட்டரோடு முதலில் அளப்பவர் மட்டும் நுழையட்டும். குஸ்நெட்ஸ் விடைக்கு முக்கால் மணி ஆகும், இந்த வேலைக்கு அது உதவாது. வார விடுமுறைக்குப் பின் வரும் முதல் ஷிஃப்ட்டுக்கும் இதே முறைதான்.

9. மாஸ்க், பணிமாற்றம், பதிவேடு

நல்ல துகள் ஃபில்டர் மாஸ்க் சேய்களைப் பிடிக்கும், ரேடானைப் பிடிக்காது. பல்க்ஹெட் உடைந்து பழுதுபார்ப்பது போன்ற குறுகிய வேலைக்கு அது சரி. வெப்பத்திலும் ஈரத்திலும் எட்டு மணி நேரம் ஒருவர் இறுக்கமாக அணிந்திருப்பார் என்று திட்டமிடுவது நியாயமல்ல. தாடி இருந்தால் விளிம்பில் கசியும்.

காற்று வடிகட்டும் கருவிகளை நம்பித் திட்டமிடாதீர்கள். சேய்களை நீக்கினாலும் ரேடான் அங்கேயே இருக்கும், சில நிமிடத்தில் மறுபடி பிறக்கும். தூசி குறைந்த காற்றில் அவை ஒட்ட இடமின்றித் தனித்துத் திரியும். அந்த நிலையில் நுரையீரலுக்குத் தீங்கு அதிகம்.

ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பினால் ஒருவரின் அளவு குறையும், மொத்தச் சுமை குறையாது. பழுது முடியும்வரை மட்டும் செய்யுங்கள். புகைபிடிப்பவருக்கு ரேடானின் தீங்கு பன்மடங்கு. சுரங்கத்துக்குள் பீடிக்குத் தடை போட்டால் மட்டும் போதாது. அந்தப் பழக்கத்தைக் கைவிட உதவி செய்வதும் உங்கள் வேலையில் சேரும்.

பதிவேட்டில் ஆளின் பெயர், இடம், மணி நேரம், அந்த இடத்தின் அளவு நான்கும் வேண்டும். சுரங்கத்தின் சராசரியை எல்லார் பெயருக்கும் எழுதினால் மோசமான ஸ்டோப்பில் நின்றவர் கணக்கில் காணாமல் போவார். அந்தப் பதிவு அவர் நோயாளியானால் கேட்கப் போகும் ஆவணம். ஒவ்வொருவருக்கும் தன் எண்ணைப் பார்க்கும் உரிமை உண்டு, அவர் மொழியில் சொல்லுங்கள்.

10. எப்போது மறுபடி முதலிலிருந்து?

புதிய ரெய்ஸ் மேல் லெவலை எட்டும்போது, ஒரு ஸ்டோப் மூடும்போது, பல்க்ஹெட் அருகே பிளாஸ்டிங் நடந்த பிறகு, புதிய நீர்க்கசிவு தெரிந்தால், ஃபேன் இறகின் கோணம் மாற்றினால், செறிவான தாதுப்பகுதிக்குள் நுழைந்தால், 3-ம் பகுதியில் சொன்ன நடையை மறுபடி தொடங்குங்கள். ஒன்றும் மாறாவிட்டாலும் மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறை செய்யுங்கள். அழுத்தமும் நீரும் ஒன்றாக மாறும் காலம் அது.